நாலு செல்லோவும் ஒரு பண்ணும்

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எண்ணிக்கொண்டே ஏறுகிறவர்கள் உண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு. போன தை மாதம் நான் போனபோது இரண்டுக்கும் வழியில்லாமல் போயிற்று. வேனின் பின்பக்கம் நாலு நீளமான பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் அவை நாலும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தன. சாயாமல் அணைத்துப் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு வாய்த்திருந்தது.

அடிவாரத்தில், காரவள்ளியில், டீ குடிக்க இறங்கியபோது டிரைவர் மெல்ல என் பக்கம் வந்தார்.

"ஏனுங்க, பெட்டிக்குள்ள என்னங்க இருக்குது? ஆளு படுக்கிற நீளம் இருக்குதுங்களே?"

"வாத்தியம்தான். செல்லோ என்று பேர். பிடில் ஜாதி."

"இத்தாம் பெரிய பிடிலைத் தோள்ல வச்சு எப்படீங்க வாசிக்கிறது?"

நியாயமான கேள்வி. தோளில் வைப்பதில்லை, நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள் என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்பது சந்தேகம். ஆனால் அடுத்த வளைவு முதல் வண்டியை நிதானமாகத் திருப்பினார்.

செல்லோவைக் கண்ணால் பார்க்காத தமிழர்கள் பல கோடி இருக்கலாம். காதால் கேட்காதவர்கள் குறைவு. சினிமாவில் கதாநாயகி கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்கிறாள். பேச்சு இல்லை. அப்போது எங்கிருந்தோ கனமான ஒரு குரல், துக்கத்தைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்ட ஒரு பெரிய மனிதரின் குரல் மாதிரி, மெல்லக் கிளம்புகிறது அல்லவா? பெரும்பாலும் அதுதான் செல்லோ.

என் நண்பர் சென்னை ஸ்டூடியோக்களில் முப்பது வருஷம் அந்தக் குரலை வாசித்தவர். பின்னால் கீபோர்டு வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் இருபது செல்லோ சேர்ந்து அழும் என்ற நிலை ஏற்பட்டது. நண்பர் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இப்போது மூன்று சிஷ்யர்கள்: இரண்டு பையன்கள், ஒரு பெண். இந்த நால்வருக்காக அவர் ஓர் உருப்படி எழுதியிருந்தார். கொல்லிப் பண்ணில் ஆரம்பித்து ஜாஸில் முடிகிற உருப்படி. அதைக் கொல்லிமலையில்தான் முதன்முதல் வாசிப்பது என்று ஒரே பிடிவாதம். பெயர்ப் பொருத்தம் போதுமாம். "நீங்கள் கேட்டுவிட்டு உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளது உள்ளபடி சொல்லும்படி ஒரு கலைஞன் கேட்கும்போது உஷாராக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

நால்வருக்கும் ஏன் ஒரே வாத்தியம்? வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் என்று கலந்து வைத்தால் அல்லவா மேளம்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். செல்லோவின் அமைப்பைப் பார்த்தால் விஷயம் புரியும். நாலு தந்திகள், அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு உள்ள தூரம். ஆண் குரலின் அடிமட்டத்தில் ஆரம்பித்துப் பெண் குரலின் எல்லைக்குள்ளும் அது ஏறிவிடும். ஆகவே அடிக்குரல், நடுக்குரல், மேல்குரல் எல்லாவற்றையும் அந்த ஒரே வாத்தியம் சமாளிக்கும். பல செல்லோக்கள் சேர்ந்தால் ஒரு குடும்பம் பேசுவது போல இருக்கிறது. அப்பா, சித்தப்பா, அண்ணன், தம்பி எல்லோருக்கும் ஒரே சாயலுள்ள குரல். யார் பேசுகிறார்கள் என்று ஒரு கணம் தடுமாறுகிறோம். அந்தத் தடுமாற்றம்தான் இந்தச் சங்கீதத்தின் ருசி.

ஜெர்மனியில் யூலியுஸ் கிளெங்கல் என்ற செல்லோ வித்வான் 1920-ல் பன்னிரண்டு செல்லோவுக்கு ஒரு துதிப்பாடல் எழுதினார். 1972-ல் பெர்லின் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவின் செல்லோக்காரர்கள் பன்னிருவர் அதை வாசிக்கச் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்கள் பிரியவில்லை. தலைமுறை மாறிய பிறகும் அந்தப் பன்னிருவர் குழு உலகத்தைச் சுற்றி வாசித்து வருகிறது. அவர்களுக்காக போரிஸ் பிளாகர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர், 1975-ல் காலமாவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ப்ளூஸ், எஸ்பான்யோலா, ரும்பா என்று மூன்று சிறு துண்டுகள் எழுதிக் கொடுத்தார். செல்லோக் கூட்டத்துக்குள் ஜாஸின் காற்று நுழைந்ததற்கு இது நல்ல உதாரணம்.

ஜாஸ்காரர்களும் தங்கள் பக்கத்திலிருந்து செல்லோவைத் தேடி வந்தார்கள், சில சமயம் விபத்தின் மூலமாக. ஆஸ்கர் பெட்டிபோர்ட் என்ற அமெரிக்கர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் டபிள் பேஸ் வாத்தியத்தில் மன்னர். 1949-ல் பேஸ்பால் ஆடப்போய்க் கையை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையால் பெரிய வாத்தியத்தைச் சமாளிக்க முடியாது. செல்லோவை எடுத்துத் தம் பழைய வாத்தியத்தின் முறையில் சுருதி கூட்டி, விரலால் மீட்டி வாசித்தார். கை குணமான பிறகும் அதை விடவில்லை. 1955-ல் சிகோ ஹாமில்டன் என்ற டிரம்ஸ்காரரின் ஐவர் குழுவில் பிரெட் காட்ஸ் செல்லோவில் வில் போட்டு ஜாஸ் வாசித்தார்.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். ஜாஸ் என்று எதைச் சொல்கிறோம்? இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று அதன் நடை. சம அளவுள்ள இரண்டு அடிகளில் முதலாவதைக் கொஞ்சம் நீட்டி, இரண்டாவதைக் கொஞ்சம் குறுக்கி, நம் திஸ்ர நடையை ஞாபகப்படுத்துகிற மாதிரி ஓர் ஊசலாட்டம். அதோடு, காந்தாரத்தையும் நிஷாதத்தையும் தம் இடத்திலிருந்து சற்றே கீழே சாய்த்து வாசிப்பது. மற்றொன்று, வாசிப்பவனுக்கு அங்கே இருக்கிற பாத்தியதை: அந்த நிமிஷத்தில் தோன்றியதை வாசிக்கலாம். நம்முடைய மனோதர்மத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

முதல் விஷயத்தைக் கூடக் காகிதத்தில் முழுதாக எழுதிவிட முடியாது. ஜாஸ் எழுத்துப் பிரதிகளில் அடிகள் பெரும்பாலும் சமமாகவே எழுதப்பட்டிருக்கும். ஊசலாட்டத்தை வாசிப்பவன் போட்டுக்கொள்கிறான். இரண்டாவது விஷயத்தையோ எழுதவே முடியாது. எழுதினால் அது அதுவாக இராது. ஆகவே, பல பேர் சேர்ந்து பார்த்து வாசிக்கும் சங்கீதத்தில் ஜாஸைக் கலக்கும்போது உடை வந்துவிடுகிறது, ஆள் வருவதில்லை. நமக்கு இது புதிதும் அல்ல. 'புதிய பறவை' (1964) படத்தில் விசுவநாதனும் ராமமூர்த்தியும் ஜாஸ் சாயலில் அமைத்த பாட்டை நாமெல்லோரும் ரசித்தவர்கள்தாம். அங்கே ஜாஸ் ஒரு வேஷம்; சினிமாவில் வேஷம் பொருத்தம். நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதையும் காட்சியும் இல்லாமல் சங்கீதத்தை மட்டும் வாசிக்கும்போது வேஷம் கலைந்து போகிறது.

முதல் நாள் இரவு செம்மேட்டில், நாங்கள் தங்கியிருந்த வீட்டின் கூடத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒலிப்பதிவுகளைக் கேட்டோம். முதலில் பிளாகர். கெட்டிக்காரத்தனமான எழுத்து, ஒரு ஸ்வரம் கூட வீணில்லை. ஆனால் அந்த ப்ளூஸில் வருத்தம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். நன்றாகப் படித்த ஒருவர் ஏழையின் துக்கத்தைப் பற்றிச் சுத்தமான இலக்கணத்தில் எழுதிய மாதிரி இருந்தது. ரும்பாவை ரசித்தேன், சிரித்துக்கொண்டே வாசிக்கத் தக்கது, அதற்கு மேல் அது எதுவும் கேட்கவில்லை.

பிறகு வில்லா-லோபோஸ். பிரேசில் நாட்டவர், தாமே செல்லோ வாசித்தவர், 1959-ல் மறைந்தவர். செல்லோக்களும் ஒரு பெண் குரலும் சேர்ந்த அவருடைய ஐந்தாவது 'பாகியானாஸ்' உலகப் பிரசித்தம். எங்களுக்கு வேண்டியிருந்தது 1930-ல் செல்லோக் கூட்டத்துக்கென்றே எழுதிய முதலாவது. அதன் கடைசிப் பகுதி ஒரு ஃபியூக். ஒரு குரல் ஒரு வாக்கியம் சொல்ல, இரண்டாவது குரல் அதையே எடுத்துச் சொல்ல, மூன்றாவது குறுக்கே புக, எல்லாம் சேர்ந்து வளரும் பாக் காலத்து வடிவம் அது. வில்லா-லோபோஸ் அதற்கு 'உரையாடல்' என்று பெயர் வைத்தார். ரியோ நகரத்துத் தெருக்களில் கிதாரும் குழலுமாகச் 'சோரோ' வாசித்துத் திரிந்தவர்கள் தமக்குள் வாக்குவாதம் செய்வதாகக் கற்பனை. ஜாஸைப் போலவே அந்தச் சோரோவும் ஆப்பிரிக்கத் தாளமும் ஐரோப்பிய நடனமும் கலந்து பிறந்த பிள்ளை.

இதுவும் காகிதத்தில் எழுதியதுதான். ஆனால் செத்துப்போகவில்லை. ஒவ்வொரு செல்லோவும் மற்றதன் பேச்சை வெட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. பதில் கேட்டுக் கொஞ்சம் யோசிக்கிறது. காரணம் எளிது. வில்லா-லோபோஸ் வாலிபத்தில் அந்தத் தெருக்காரர்களோடு உட்கார்ந்து கிதார் வாசித்தவர். அவர்கள் எங்கே மூச்சு விடுவார்கள், எங்கே குறுக்கிடுவார்கள் என்பது அவர் காதில் இருந்தது. உடையைக் கடையில் வாங்கவில்லை. ஆட்களைத் தெரிந்து எழுதினார்.

"நம் ஊரில்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

நம் ஊரில் செல்லோக்களுக்கென்றே எழுதிய சங்கீதம் சொற்பம். ஆனால் தந்தி வாத்தியக் கூட்டத்தை நம் ராகத்தோடு பேச வைக்கும் முயற்சி உண்டு. இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்ற தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை ஆக்கினார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தலைப்பிலேயே கேட்டுவிட்ட நேர்மை எனக்குப் பிடிக்கும். அதில் தனி வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மன் 1993-ல் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவை ஏற்படுத்தினார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, செல்லோவில் வி. ஆர். சேகர்.

அந்தக் குழுவின் சங்கடம் ஒவ்வொரு கலப்புச் சங்கீதக்காரரும் சந்திக்க வேண்டிய சங்கடம். மேல்நாட்டு முறையில் பல ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும்; அவை அசையாமல் நின்றால்தான் ஒத்துப்போகும். நம் ராகத்தில் ஸ்வரம் அசைந்தால்தான் உயிர். மேலே கமகம் ஆட, கீழே கட்டடம் அசையாமல் நின்றால் ஒன்றையொன்று குத்தும். நரசிம்மன் கீழே உள்ள குரல்களையும் நடக்க விட்டுப் பல இடங்களில் இதைத் தாண்டுகிறார். கீர்த்தனத்தின் முகம் கெடாமல் பக்கத்தில் இன்னொருவர் மெல்லப் பேசிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது. அது சாதாரணக் காரியம் அல்ல. ஆனால் செல்லோ அங்கே பெரும்பாலும் அஸ்திவாரத்தில்தான் இருக்கிறது. அஸ்திவாரத்தை வீட்டு முகப்புக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் நண்பரின் கேள்வி.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த பண் மிகப் பொருத்தம். கொல்லிப் பண்ணை இன்று ஓதுவார்கள் நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். சூலை நோயோடு திருவதிகைக்கு வந்த அப்பர் பாடிய முதல் பதிகம் இந்தப் பண்தான். நவரோஜ் உயரே ஏறாத ராகம். மந்தர பஞ்சமத்திலிருந்து மத்திம ஸ்தாயிப் பஞ்சமம் வரைதான் அதன் ராஜ்யம். தார ஸ்தாயியை எட்டிக்கூடப் பார்க்காது. தாலாட்டுக்கு ஏற்ற ராகம் என்பார்கள். கீழ் ஸ்தாயியிலேயே குடியிருக்கும் ராகத்துக்குக் கீழ்க்குரல் வாத்தியம் நாலு. இதைவிட நல்ல ஜோடி அமையாது.

மறுநாள் காலை வாசிப்பு. மலைக் குளிருக்குப் பிருடைகள் நழுவிக்கொண்டே இருந்தன. சுருதி சேர்க்கவே முக்கால் மணி ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே பலா மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. நாலு விற்களும் ஒன்றாக எழும்பின.

முதல் பாதியைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை குறைவு. நால்வரும் ஒரே வரியை வாசித்தார்கள். கமகம் மட்டும் நாலு கைகளில் நாலு விதமாக, மயிரிழை வித்தியாசத்தில் அசைந்தது. ஒரே கூடத்தில் நாலு பேர் தூங்கும்போது மூச்சு ஒன்றாகவும் வேறாகவும் கேட்குமே, அப்படி. எழுத்தில் வராத இடம் அது. நண்பர் அதைத் திருத்தாமல் விட்டிருந்தார். அதற்காகவே அவரை வணங்கலாம்.

பிறகு ஜாஸ் வந்தது. ஒரு பையன் விரலால் மீட்டி நடை போட்டான். இருவர் பக்கத் துணை. அந்தப் பெண் தனியாக முப்பத்திரண்டு ஆவர்த்தனம் வாசித்தாள். பிசகில்லாமல், காந்தாரத்தை உரிய இடங்களில் சாய்த்து, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தாள். முடிந்ததும் நண்பர் என்னைப் பார்த்தார்.

"முதல் பாதி உயிரோடு இருக்கிறது, ஸார். இரண்டாம் பாதி மொழிபெயர்ப்பு நாவல் மாதிரி இருக்கிறது. நடுவில் தையல் தெரிகிறது. அந்தப் பெண் வாசித்தது அவளுடையது அல்ல. நீங்கள் எழுதிக் கொடுத்த சுதந்திரம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "உங்கள் நாவலில் எல்லாப் பாத்திரங்களின் பேச்சையும் நீங்கள்தானே எழுதுகிறீர்கள்? அவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தீர்களா?" என்றார்.

சரியான அடி. ஒரு நிமிஷம் எனக்குப் பதில் வரவில்லை. "என் பாத்திரங்களுக்கு என்னைத் தவிர வாய் கிடையாது, ஸார். உங்கள் பாத்திரம் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்" என்றேன் கடைசியில்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சிஷ்யர்கள் தரையைப் பார்த்தார்கள். நட்பு இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். கால் மணி கழித்து நானும் வெளியே போனேன். அவர் பலா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"முப்பது வருஷம்" என்றார் திரும்பாமல். "காலையில் போவோம். எழுதியதை மேஜையில் வைப்பார்கள். வாசிப்போம். நல்ல சம்பளம், குறை சொல்லக் கூடாது. 'உனக்கு என்ன தோன்றுகிறது, வாசி' என்று யாரும் ஒரு நாள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை."

எனக்கு வன்பரணரின் ஞாபகம் வந்தது. இந்த மலைக்கு அரசனான வல்வில் ஓரியைப் பற்றி அவர் பாடிய பாட்டுக்கள் புறநானூற்றில் இருக்கின்றன. ஒன்றில், வேட்டைக்காரனாகக் காட்டில் எதிர்ப்பட்ட ஓரியின் முன்னால், ஆள் யாரென்று தெரியாமல் பாணர் கூட்டம் பாடுகிறது. முழவு, யாழ், தூம்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் வேலையைச் சொல்லிப் பாட்டு எழும்புகிறது. அடுத்த பாட்டில் வேறு கதை. ஓரி அள்ளிக் கொடுத்த கொடையில் பாணர்கள் பசி தீர்ந்தார்கள். தீர்ந்ததும் ஆடவில்லை, பாடவும் மறந்துவிட்டார்கள். வள்ளலைப் புகழ்வதற்காகச் சொன்னதுதான். ஆனால் ஸ்டூடியோ வித்வான் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் புகழ்ச்சி வேறு மாதிரி கேட்கிறது. கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் உள்ளே வந்தார்.

"காகிதத்தை மூடு" என்றார் அந்தப் பெண்ணிடம். "ராகம் உனக்குத் தெரியும். நடை இவன் போடுவான். வாசி."

அவளுக்கு வியர்த்துவிட்டது. முதல் தடவை நாலு அடி போய் நின்றுவிட்டாள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு மந்தர பஞ்சமத்தைப் பிடித்தாள். தைவதம், நிஷாதம், திரும்பப் பஞ்சமம்; வெகு நேரம் அந்த மூன்றை விட்டு நகரவில்லை. நகரப் பயமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பயத்தில் ஓர் ஊசலாட்டம் தானாக வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமல். பெரிய சங்கீதம் என்று நான் சொல்லமாட்டேன். காந்தாரத்துக்கு வந்தபோது ஒரு இடத்தில் அபஸ்வரம் கூடத் தட்டியது.

நான் கவனித்தது மற்ற மூவரை. அதுவரை தங்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது அவளைப் பார்த்தார்கள். அடுத்து என்ன செய்வாள் என்று தெரியாது, தெரியாததால் கேட்டார்கள். மீட்டிக்கொண்டிருந்த பையன் அவள் தயங்கிய இடத்தில் தானும் ஓர் அடியை விட்டான். நண்பர் துணை ஸ்வரத்தை மெலிதாக்கினார். ஒருத்தியின் கையை அவிழ்த்துவிட்டதில் மற்ற மூவரின் காதும் திறந்துகொண்டது. முதல் பாதியில் இருந்த அந்த மூச்சு, தையல் இல்லாமல் இரண்டாம் பாதிக்குள் வந்தது.

ஜாஸிலிருந்து செல்லோக் கூட்டம் வாங்க வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாய்ந்த காந்தாரத்தையும் ஊசலாடும் நடையையும் யாரும் எழுதிவிடலாம். ஒரே சாயலுள்ள பல குரல்களில் ஒன்று, எழுதாத ஒரு வார்த்தையைச் சொல்லப்போகிறது. மற்றவை அதற்காகக் காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பு இருந்தால் பெயர் எதுவானாலும் சரி. வில்லா-லோபோஸைப் போல ஆட்களைத் தெரிந்து எழுதுகிறவர் அதைக் காகிதத்திலேயே கொண்டுவந்துவிடுவார். அந்தப் பழக்கம் இல்லாதவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வாசிக்கிறவளை நம்ப வேண்டும்.

சாயங்காலம் நண்பர் பென்ஸிலை எடுத்து, அந்த முப்பத்திரண்டு ஆவர்த்தனத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் கோடுகளை மட்டும் போட்டார். மறுநாள் இறங்கும்போதும் பெட்டிகளைப் பிடிக்கும் உத்தியோகம் என்னிடமே இருந்தது.

உருப்படியின் முடிவு இன்னும் நீளம்தான். முடிந்த பிறகு இரண்டு தடவை முடிகிறது. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன், நாற்பதாவது வளைவுக்குப் பக்கத்தில். பதில் பேசவில்லை. வெட்டிவிடுவார் என்று நினைக்கிறேன்.